புதிய தொட்டியில் விட்ட மீன் மிரண்டு ஒதுங்கினால்: வன்னி வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

கடைத் தொட்டியில் துள்ளித் திரிந்த மீன், வீட்டுக்கு வந்ததும் துடுப்புகளை உடலோடு ஒட்டிக்கொண்டு மூலையில் ஒதுங்குவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்களே உண்டு. ஒன்று பயணத்தின் களைப்பும் இடம் மாறிய மிரட்சியும். மற்றது, நாம் அமைத்த புதிய தொட்டியின் நீர் இன்னும் மீன் வாழ ஆயத்தமாகாமல் இருப்பது. முதலாவது இரண்டு மூன்று நாட்களில் தானாகவே தீரும். இரண்டாவது தானாகத் தீராது; கவனிக்காமல் விட்டால் முதல் மாதத்துக்குள் மீனைக் கொன்றுவிடும். இந்த இரண்டையும் பிரித்தறிந்து எந்த வேளையில் எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்யாமல் இருக்க வேண்டும் என்பதை வவுனியா தொடக்கம் கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார்ப் பெருநிலம் வரையிலான நம் பகுதியின் நீரையும் வெப்பத்தையும் மனத்திற்கொண்டு இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

இரண்டடித் தொட்டி ஒன்றை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். 60 சென்ரிமீற்றர் நீளமும் 30 சென்ரிமீற்றர் அகலமும் 30 சென்ரிமீற்றர் உயரமும் உள்ள தொட்டியின் கொள்ளளவு 54 லீற்றர். அடியில் மணலும் மேலே வெற்றிடமும் போக, உண்மையில் அதில் நிற்பது ஏறத்தாழ 45 லீற்றர் நீர். கீழே வரும் அளவுகள் அனைத்தும் இந்தத் தொட்டிக்கு உரியவை. உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தில் மீனை விட்டிருப்பவர்கள் எதையும் செய்வதற்கு முன்னர் ஒரு தொட்டி வாங்குவதே நல்லது, ஏனெனில் அந்தக் கிண்ணத்தில் மீனை நிம்மதியாக வைத்திருக்கும் வழி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

முதற்படி: தொடாமல் பாருங்கள்

மீன் சோர்ந்திருப்பதைக் கண்டவுடன் கை தானாகவே தொட்டிக்குள் போகும். அதைத் தடுத்துக்கொண்டு, அறையின் ஓரத்தில் ஒரு கதிரையைப் போட்டு அமர்ந்து பத்து நிமிடம் பாருங்கள். அருகில் நின்றால் மீன் உங்களுக்குப் பயந்து நடந்துகொள்வதைத்தான் காண்பீர்கள். அதன் உண்மை நிலை தெரியவராது.

ஒளிந்திருப்பது, நிறம் வெளிறுவது, முதல் நாள் உணவைத் திரும்பியும் பார்க்காமல் இருப்பது, கண்ணாடியோரமாக மேலும் கீழும் ஓடுவது ஆகியவை பெரும்பாலும் மிரட்சியின் அடையாளங்கள். ஒரு கப்பி ஆணை நினைத்துப் பாருங்கள்: விசிறிபோல் விரிந்திருக்க வேண்டிய வால் மடிந்து குச்சியாகி, உடல் நீரின் அடியில் சற்றுச் சாய்ந்து நிற்கும், ஆனால் செவுள் மூடிகள் சீராக அசைந்துகொண்டிருக்கும். அந்த மீனுக்குத் தேவைப்படுவது இருட்டும் அமைதியும் மட்டுமே.

அதே மீன் நீரின் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுமானால் கதை வேறு. நீரில் ஒட்சிசன் குறைந்திருக்கிறது, அல்லது கழிவிலிருந்து உண்டாகும் நஞ்சுகளான அமோனியாவோ நைத்திரைற்றோ செவுளைத் தாக்கியிருக்கிறது. செவுள் ஓரங்கள் சிவந்து வீங்கியிருந்தால் அமோனியாவை முதலில் ஐயுறவேண்டும். மணலிலும் கற்களிலும் உடலைத் திடீர் திடீரென உரசிக்கொண்டு ஓடினால் குளோரின் எரிச்சலாகவோ ஒட்டுண்ணியாகவோ இருக்கலாம். காலையிலும் மாலையிலும் ஒரே மீனின் செவுள் அசைவை ஒரு நிமிடத்துக்கு எண்ணிக் குறித்துவைத்தால், நிலை தேறுகிறதா மோசமாகிறதா என்பது இரண்டாம் நாளே தெரிந்துவிடும். ஓய்வில் நிற்கும் மீனின் செவுள் அசைவு எண்ணிக்கை நாளுக்கு நாள் ஏறினால் குற்றம் பெரும்பாலும் நீரில்தான்.

புதிய தொட்டிக்குள் நடப்பது

மீன் தன் செவுளாலும் கழிவாலும் அமோனியாவை வெளிவிடுகிறது. உண்ணப்படாத உணவு அழுகும்போதும் அதுவே உண்டாகிறது. பழைய தொட்டியொன்றின் மணலிலும் வடிகட்டியின் பஞ்சிலும் ஒட்டி வாழும் பற்றீரியாக்களில் ஒரு வகை அமோனியாவை நைத்திரைற்றாகவும், இன்னொரு வகை நைத்திரைற்றை நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. முதல் இரண்டும் நஞ்சு; மூன்றாவது பேரளவில் சேர்ந்தாலன்றி மீனைத் துன்புறுத்தாது. நேற்று நீர் நிரப்பிய தொட்டியில் இந்தப் பற்றீரியாக்கள் ஏறக்குறைய இல்லை. அவை போதிய அளவுக்குப் பெருக நான்கு முதல் ஆறு கிழமைகள் செல்லும். நீர் கண்ணாடிபோல் தெளிந்திருப்பது எதற்கும் சான்றாகாது, ஏனெனில் அமோனியாவுக்கு நிறமில்லை.

வன்னியில் இந்தச் சிக்கல் இரட்டிப்பாகிறது. அமோனியா நீரில் இரண்டு வடிவங்களில் இருக்கிறது: ஒன்று மீனுக்குப் பெரிதாகத் தீங்கு செய்யாத அமோனியம், மற்றது செவுளூடாக எளிதில் உடலுக்குள் புகும் நச்சு வடிவம். நீர் எவ்வளவு காரமானது என்பதைக் காட்டும் பீஎச் பெறுமானமும் வெப்பமும் கூடக்கூட நச்சு வடிவத்தின் பங்கு கூடும். 30 பாகை செல்சியஸில் பீஎச் 7 ஆக இருந்தால் மொத்த அமோனியாவில் நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவானதே நச்சு. பீஎச் 8 ஆகிவிட்டால் அது நூற்றுக்கு ஏழு பங்கைத் தாண்டிவிடும். சவர்க்காரம் நுரைக்காத, கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு கட்டுகின்ற நம் கிணறுகளின் வன்னீர் பெரும்பாலும் காரப் பக்கமே சாய்ந்திருக்கும். குளிர்நாட்டவர் எழுதிய குறிப்புகளில் பரவாயில்லை என்று சொல்லப்படும் அமோனியா அளவு, கோடையில் மாங்குளத்து வீடொன்றின் தொட்டியில் பரவாயில்லாத அளவு அல்ல.

ஆகவே மீனை இன்னும் வாங்காதவர்கள் தொட்டியை முதலில் ஓட விடலாம். பல மாதங்களாக நோயின்றி மீன் வளர்க்கும் அயலவர் ஒருவரிடம் வடிகட்டிப் பஞ்சில் ஒரு பகுதியையோ ஒரு பிடி அடிமணலையோ கேட்டு வாங்கி, காயாமல் அவர்களுடைய தொட்டி நீரிலேயே நனைத்துக் கொண்டுவந்து உங்கள் வடிகட்டிக்குள் வையுங்கள். போத்தலில் அடைத்து விற்கும் பற்றீரியாத் திரவங்களைவிட நான் இதையே நம்புவேன். நம் வெயிலில் பல நாட்கள் பயணித்து வந்த போத்தலுக்குள் எது உயிரோடிருக்கிறது என்று யாரும் உறுதி கூற முடியாது. மீனை ஏற்கெனவே விட்டுவிட்டவர்களும் இதைச் செய்யலாம், செய்யவும் வேண்டும்.

நீரை ஆயத்தப்படுத்துதல்

எந்த நீரை ஊற்றுகிறோம் என்பதில்தான் பாதிக் காரியம் இருக்கிறது. எங்கள் வீடுகளில் ஒன்றுக்கு மேற்பட்ட வழியில் நீர் கிடைப்பதால் ஒவ்வொன்றையும் தனியாகப் பார்ப்பது நல்லது.

கட்டுக் கிணற்று நீரும் குழாய்க் கிணற்று நீரும் நிலத்தடியிலிருந்து வரும்போது ஒட்சிசன் குறைந்தும் காபனீரொட்சைட்டு நிறைந்தும் இருப்பதுண்டு. வாளியில் நிற்கும்போது அந்த வாயு வெளியேற, பீஎச் பெறுமானம் ஏறும். இறைத்த கையோடு தொட்டிக்குள் ஊற்றினால் அந்த ஏற்றம் முழுவதும் மீனைச் சுற்றியே நிகழும். இறைத்தபோது தெளிவாகவும் சற்று நேரத்தில் மஞ்சளாகவும் மாறுகின்ற நீரில் இரும்பு கலந்திருக்கிறது. அந்தப் படிவு செவுளில் ஒட்டும். இவை இரண்டுக்கும் தீர்வு ஒன்றே: அகன்ற வாளியில் நிரப்பி, காற்றுக் குழாயைப் போட்டு ஒரு நாள் வைத்திருந்து, அடியில் படிந்ததை விட்டு மேல்நீரை மட்டும் எடுப்பது. வாளியை நுளம்பு வலைத்துண்டால் மூடிக் கட்டுங்கள். திறந்த நீரில் நுளம்புக் குடம்பி பெருகினால் டெங்குப் பரிசோதனைக்கு வருபவர்களிடம் மீனைக் காரணம் காட்ட முடியாது.

நீர் வழங்கல் சபையின் குழாய் நீரில் குளோரின் இருக்கும். கிணற்று நீரில் இருக்காது என்று எண்ணிவிடவும் வேண்டாம்: மாரி வெள்ளம் வடிந்தபின் சுகாதாரப் பகுதியினர் கிணறுகளுக்குக் குளோரின் இடும் வழக்கம் உள்ளது, அந்த நாட்களில் நீரின் மணமே அதைக் காட்டிக்கொடுக்கும். குளோரின் செவுளை எரிப்பதோடு நாம் வளர்க்க முயலும் பற்றீரியாவையும் கொல்லும். காற்றோட்டத்தோடு ஒரு நாள் வைத்தால் குளோரின் அகன்றுவிடும். அவசரமானால் மீன் கடைகளில் கிடைக்கும் அன்ரி குளோரின் துளிகளைப் பயன்படுத்தலாம். அவற்றில் பல வெறும் சோடியம் தயோசல்பேற்றுக் கரைசல்கள் என்பதையும், அவை குளோரினை நீக்குமேயன்றி அமோனியாவைக் கட்டாது என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

ஊர்களில் விற்கப்படும் ஆர்.ஓ. நீர் குடிப்பதற்கு நல்லது. தனியாகத் தொட்டியில் நிரப்புவதற்கு நல்லதல்ல. உப்புகளில் பெரும்பகுதி நீக்கப்பட்ட அந்த நீரில் பீஎச் நிலைத்து நிற்காது, கடைத் தொட்டியின் வன்னீரில் வளர்ந்த மீனுக்கு உடலின் உப்புச் சமநிலையைக் காப்பது பெரும் பாடாகிவிடும். உங்கள் கிணறு மிகக் கடுமையான வன்னீராகவோ கடற்கரையை அண்டிய சவர் நீராகவோ இருந்தால் மட்டும், மூன்று பங்கு கிணற்று நீருக்கு ஒரு பங்கு என்ற அளவில் கலந்து, அதே விகிதத்தை எப்போதும் மாற்றாமல் பேணுங்கள். மீனுக்குத் தேவை குறையற்ற நீர் என்பதைவிட மாறாத நீர் என்பதே சரி.

இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் போன்ற குளங்களின் நீரையும் அவற்றின் வாய்க்கால் நீரையும் தவிர்த்துவிடுங்கள். குளத்து மீன் அதில்தானே வாழ்கிறது என்று கேட்கலாம். வாழ்கிறது; ஆனால் அந்த நீரோடு ஒட்டுண்ணிகளும், வயலுக்கு அடித்த கிருமிநாசினியின் எச்சமும் வந்துசேரும், 45 லீற்றர் தொட்டிக்குள் அவை ஐதாகிப் போக இடமில்லை. அதே காரணத்துக்காகத் தோட்டத்துக்குக் கிருமிநாசினி கலக்கிய வாளியை எத்தனை முறை கழுவினாலும் மீன் வேலைக்கு எடுக்க வேண்டாம். தொட்டிக்கென்று ஒரு வாளி, ஒரு கோப்பை, ஒரு குழாய் தனியாக இருக்கட்டும், அவற்றில் சவர்க்காரம் படக்கூடாது.

இன்னொன்று, கூரைமட்டத்துக் கறுப்புப் பிளாஸ்ரிக் தாங்கியிலிருந்து நண்பகலில் வரும் நீர் கையைச் சுடும். அதிகாலையில் பிடித்து நிழலில் வைத்த நீரையே பயன்படுத்துங்கள்.

மீனைத் தொட்டிக்குள் இறக்கும் முறை

பைக்குள் அடைபட்ட மீன் வெளிவிடும் மூச்சால் காபனீரொட்சைட்டு சேர்ந்து பை நீரின் பீஎச் இறங்குகிறது. கூடவே அமோனியாவும் சேர்கிறது, ஆனால் பீஎச் தாழ்ந்திருப்பதால் அதில் பெரும்பகுதி தீங்கற்ற வடிவத்தில் கிடக்கிறது. பையைத் திறந்தவுடன் காபனீரொட்சைட்டு வெளியேறி பீஎச் ஏற, அதுவரை சும்மா கிடந்த அமோனியா நஞ்சாகிவிடுகிறது. எனவே பையைத் திறந்துவைத்து ஒரு மணிநேரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டி நீரைச் சேர்க்கும் முறை, அயலூர்க் கடையில் வாங்கி அரை மணிநேரத்தில் வீடு வந்த மீனுக்குப் பொருந்தும். கொழும்பிலிருந்து இரவுப் பேருந்தில் ஏ9 வீதியால் வந்த மீனுக்குப் பொருந்தாது.

குறுகிய பயணத்தில் வந்த மீனாயின், மூடிய பையைத் தொட்டி நீரில் கால் மணிநேரம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்துங்கள். பின்னர் பையைத் திறந்து அரைக் கோப்பை தொட்டி நீரைச் சேருங்கள்; ஏறத்தாழ ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதையே செய்து, பையிலுள்ள நீர் இரட்டிப்பானபின் பாதியை வெளியே கொட்டி மீண்டும் தொடருங்கள். முக்கால் மணிநேரத்தில் முடித்துவிடலாம்.

பல மணிநேரம் பையில் கிடந்த மீனாயின், பையைத் திறக்காமலே இருபது நிமிடம் மிதக்கவிடுங்கள். திறந்தபின் பத்து நிமிடத்துக்குள் இரண்டு மூன்று கோப்பை தொட்டி நீரைச் சேர்த்து, உடனே மீனை மாற்றிவிடுங்கள். எப்படி வந்த மீனாயினும் பை நீர் தொட்டிக்குள் போகக்கூடாது. ஒரு பேசினின்மேல் மென்மையான வலையைப் பிடித்துக்கொண்டு பையை அதில் சரித்து, வலையிலுள்ள மீனை நீருக்குள் தாழ்த்தித் தானாக நீந்திப் போகவிடுங்கள். கையால் பிடித்தால் உடலின் வழுவழுப்புப் படலம் உரிந்து, அந்த இடத்தில் பூஞ்சணம் பிடிக்க வழியாகும்.

பயணத்தைப் பற்றி ஒரு சொல். பேருந்தின் பொதித் தட்டில் வெயில் படும் பக்கத்தில் வைத்த பை ஒரு மணிநேரத்தில் சூடாகிவிடும். மூடியுள்ள றெஜிபோம் பெட்டியில் வைத்து வந்தால் வெப்பமும் ஏறாது, இருட்டில் மீனும் அடங்கியிருக்கும்.

முதல் இரவு

மீனை விட்ட அன்று தொட்டி விளக்கைப் போடவேண்டாம். அறையின் வெளிச்சத்தையும் குறைத்து, தொட்டியின் பின்புறத்தையும் இரண்டு பக்கங்களையும் கடதாசியால் மறையுங்கள். ஒரு கிழமை அப்படியே இருக்கட்டும். நாலு பக்கமும் நடமாட்டம் தெரியும் கண்ணாடிக்குள் நிற்கும் மீனுக்கு எந்தப் பக்கம் ஆபத்து வரும் என்று தெரியாது. மூன்று பக்கம் மறைந்துவிட்டால் அது ஒரு பக்கத்தை மட்டும் கவனித்தால் போதும்.

ஒளிய இடம் கொடுங்கள். ஒளிந்துகொள்ள இடம் உள்ள மீன்தான் விரைவில் வெளியே வரும் என்பது விந்தையாகத் தோன்றினாலும் உண்மை. உடைந்த மண்சட்டியின் பாதி, பழைய கூரை ஓட்டின் துண்டு, நார் முற்றாக நீக்கி இரண்டு மூன்று முறை நீர் மாற்றி அவித்த சிரட்டை ஆகியவை காசில்லாமல் கிடைப்பவை. கூர்மையான விளிம்புகளைத் தேய்த்துவிடுங்கள். முல்லைத்தீவுக் கடற்கரையில் பிள்ளைகள் பொறுக்கிய சிப்பியும் சங்கும் அழகுதான், ஆனால் அவை மெல்லக் கரைந்து ஏற்கெனவே வன்னீரான நம் நீரை இன்னும் வன்மையாக்கும். அலுமாரியில் வைத்தாலும் அவற்றின் அழகு குறையாது.

புதிய இடத்தில் மிரண்ட மீன் முதல் இரவில்தான் பாய்ந்து வெளியே விழும். வலையை இறுக்கி விரித்து அல்லது கண்ணாடித் தகடு ஒன்றை இடைவெளி விட்டு வைத்து மூடுங்கள்.

இனி நுளம்புத்திரி. மாலையானால் திரி கொளுத்தாத வீடு நம் பகுதியில் அரிது. அதிலும் நுளம்புக்கு அடிக்கும் தெளிப்பான்களிலும் உள்ள பைரித்திரொயிட்டு வகை நஞ்சுகள் மனிதருக்குப் பெரிதாகத் தெரியாத அளவிலேயே மீனைக் கொல்ல வல்லவை. ஒட்சிசன் மோட்டர் என்று நாம் சொல்லும் காற்றுப் பம்பி, அறையின் காற்றை அப்படியே உறிஞ்சி நீருக்குள் செலுத்துகிறது. மீன் உள்ள அறையில் திரியும் தெளிப்பானும் வேண்டாம். தவிர்க்க முடியாவிட்டால் பம்பியை அடுத்த அறையில் வைத்து நீண்ட குழாயால் இணையுங்கள். நுளம்புப் புகை அடிக்கும் வாகனம் ஒழுங்கைக்கு வருமுன் சாளரங்களை மூடி, தொட்டியை ஈரத் துணியால் போர்த்தி, பம்பியை அந்தச் சிறிது நேரத்துக்கு நிறுத்திவையுங்கள்.

உணவு

முதல் 24 மணிநேரம் எதுவும் போடாதீர்கள். இரண்டாம் நாள் தொடக்கம், நாளுக்கு ஒருமுறை, இரண்டு நிமிடத்தில் முடியக்கூடிய அளவு மட்டும். நலமான வளர்ந்த மீன் சில நாட்கள் பட்டினி கிடந்தாலும் ஒன்றும் ஆகாது, ஆனால் பற்றீரியா இல்லாத தொட்டியில் உண்ணப்படாமல் கிடக்கும் ஒரு சிட்டிகை உணவு மறுநாள் அமோனியாவாகிவிடும். உணவுப் பெட்டியைப் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வைப்பது இந்த வழிகாட்டியிலேயே மிக எளிய வேலை.

முதல் ஆறு கிழமைகளின் நீர் மாற்றம்

வன்னி வீடுகளில் நான் அடிக்கடி காணும் வழக்கம், மீன் சோர்ந்தவுடன் தொட்டியை முழுவதும் வெறுமையாக்கி, மணலையும் பஞ்சையும் தேய்த்துக் கழுவி, புதிய கிணற்று நீரை நிரப்புவது. சோர்ந்த மீனுக்கு இதைவிடக் கேடான உதவி இல்லை. வெப்பமும் பீஎச்சும் ஒரே நேரத்தில் மாறுகின்றன, பற்றீரியா வளர்ச்சி மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறது. மறுநாள் மீன் இறந்ததும், நேற்றுத்தானே கழுவினோம் என்று வியக்கிறோம்.

சரியான முறை, சிறிது சிறிதாகவும் அடிக்கடியும் மாற்றுவதே. அமோனியா, நைத்திரைற்றுப் பரிசோதனைத் துளிகளை நகரக் கடைகளில் சொல்லிவைத்து எடுப்பிக்கலாம். அலங்காரக் கற்களுக்குச் செலவிடும் பணத்தை இதற்குச் செலவிடுங்கள். நாள்தோறும் ஒருமுறை சோதித்து, இரண்டில் எதுவாயினும் லீற்றருக்கு 0.25 மில்லிகிராமை எட்டினால் நாலில் ஒரு பங்கை, அதாவது ஏறத்தாழ 11 லீற்றரை மாற்றுங்கள். 0.5 ஐத் தாண்டினால் மறுநாளும் மாற்றுங்கள். 1 ஐ எட்டிவிட்டால் வெப்பம் சமப்படுத்திய நீரால் பாதியை மாற்றுவதற்குத் தயங்க வேண்டாம். பரிசோதனைத் துளி கிடைக்காதவர்கள் முதல் நான்கு கிழமைகளும் ஒன்றுவிட்ட ஒருநாள் நாலில் ஒரு பங்கை மாற்றிவந்தால் பெரிய தவறு நேராது.

புதிய நீரை வாளியிலிருந்து அப்படியே கொட்டாமல், மெல்லிய குழாயால் இறங்கவிடுங்கள். வடிகட்டிப் பஞ்சு அடைபட்டால் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே இரண்டு முறை பிழிந்து உடனே திரும்ப வையுங்கள். குழாயடியில் கழுவினால் குளோரினும், வெயிலில் காயவைத்தால் வறட்சியும் ஒரு மாத உழைப்பைத் துடைத்துவிடும். முதல் அல்லது இரண்டாம் கிழமையில் நீர் பால்போல் கலங்குவதுண்டு. அது நீரில் மிதக்கும் வேறு பற்றீரியாக்களின் திடீர்ப் பெருக்கம். உணவைக் குறைத்துக் காற்றோட்டத்தைக் கூட்டினால் சில நாட்களில் தெளியும்.

நடுவில் ஒரு கட்டம் பலரை ஏமாற்றும். அமோனியா இறங்கிவிட்டது, மீனும் தேறிவிட்டது என்று இருக்கையில் நைத்திரைற்று ஏறத் தொடங்கும். அது செவுளூடாகக் குருதிக்குள் புகுந்து ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலைக் கெடுப்பதால், நீரில் ஒட்சிசன் நிறைந்திருந்தும் மீன் மேலே வந்து மூச்சு வாங்கும். இங்கே கல்லுப்பு உண்மையாகவே உதவும்: உப்பிலுள்ள குளோரைட்டு, செவுளில் நைத்திரைற்று நுழையும் வழியை அடைத்துக்கொள்கிறது. லீற்றருக்கு 1 கிராம் போதும். 5 லீற்றருக்கு ஒரு மட்டத் தேக்கரண்டி என்று கணக்கிட்டு, ஆனையிறவுக் கல்லுப்பை வேறு பாத்திரத்தில் கரைத்து, துணியால் வடித்து, பாதியை இன்றும் பாதியை நாளையுமாக ஊற்றுங்கள். உப்பு ஆவியாகாது. ஆகவே நீர் மாற்றும்போது வெளியே எடுத்த அளவுக்குரிய உப்பை மட்டுமே மீண்டும் சேர்க்க வேண்டும். தொட்டியில் கோரி (கோரிடோரஸ்) எனப்படும் சிறு கெளுத்தி வகை மீன்களோ நீர்த்தாவரங்களோ இருந்தால் அளவைப் பாதியாக்குங்கள்.

வெப்பமும் மின்தடையும்

நீர் சூடேறும்போது அதில் கரைந்திருக்கக்கூடிய ஒட்சிசன் குறைகிறது: 25 பாகையில் லீற்றருக்கு 8.3 மில்லிகிராம் வரை நிற்கும், 30 பாகையில் 7.6 மட்டுமே. அதே வேளை சூட்டில் மீனுக்குத் தேவை கூடுகிறது. தொட்டியை மேற்கு வெயில் படாத உட்சுவரோரம் வைப்பதும், மூடியைத் தூக்கி வலை மட்டும் போட்டு மேசை மின்விசிறியை நீர்ப்பரப்பின் குறுக்காக ஓடவிடுவதும் நல்ல பலன் தரும். சோளகக் காற்று வீசும் வறண்ட மாதங்களில் ஆவியாதல் வேகமாக நடப்பதால் விசிறியாலேயே இரண்டு மூன்று பாகை குறைந்துவிடும். ஆவியாகிக் குறைந்த நீரை மட்டும் ஆர்.ஓ. நீரால் நிரப்புங்கள், ஏனெனில் உப்புகள் தொட்டியிலேயே தங்கியிருக்கின்றன. பனிக்கட்டியை நேரே போடவேண்டாம். உறையவைத்த போத்தலை மூடியபடியே மிதக்கவிட்டு, மணிநேரத்துக்கு ஒரு பாகைக்கு மேல் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாரியில், வாடைக் காற்றடிக்கும் மார்கழி, தை இரவுகளில் நிலை தலைகீழாகும். அப்போது சாளரத்தை மூடித் தொட்டியின் மூன்று பக்கமும் றெஜிபோம் தகடு சாத்தினால் பெரும்பாலும் போதும்.

காற்றுக் குமிழ்கள் நீருக்குள் ஒட்சிசனைக் கரைப்பதைவிட, மேற்பரப்பைக் கலக்குவதால்தான் உதவுகின்றன. எனவே மின்சாரம் நின்றுவிட்டால் கோப்பையால் நீரை அள்ளி ஒரு சாண் உயரத்திலிருந்து தொட்டிக்குள் ஊற்றுவதும் அதே வேலையைச் செய்யும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சில கோப்பைகள் ஊற்றினால் போதும். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் தடைப்பட்ட காலத்தைக் கண்டவர்கள் மின்கலத்தில் ஓடும் சிறிய காற்றுப் பம்பி ஒன்றை வாங்கி வைத்திருப்பதில் வியப்பில்லை. தடையின்போது உணவு போடாதீர்கள். பல மணிநேரம் நின்ற மூடிய வடிகட்டியை மீண்டும் இயக்குமுன் அதற்குள் தேங்கிய நீரைக் கொட்டிவிடுங்கள்.

மருந்து

சோர்ந்த மீனுக்கு முன்னெச்சரிக்கையாக மருந்து ஊற்றுவதை நான் ஏற்கவில்லை. மெதிலீன் புளூ நீரை நீலமாக்குவதோடு வடிகட்டியின் பற்றீரியாவையும் தாக்கும். நோயில்லாத தொட்டியில் அது அமோனியாவை வரவழைக்கும். உப்புத்தூள் தூவியதுபோல் உடலிலும் துடுப்பிலும் வெண்புள்ளிகள் தெரிந்தால் மட்டும் மருந்து தேவை, ஏனெனில் அது ஒட்டுண்ணி. உடலில் ஒட்டியிருக்கும்போது மருந்து அதைத் தொடாது. உதிர்ந்து பெருகி நீரில் நீந்தும் கட்டத்தில்தான் கொல்ல முடியும். நம் வெப்பநிலையில் அந்தச் சுழற்சி ஒரு கிழமைக்குள் முடியும். புள்ளி மறைந்தவுடன் நிறுத்தாமல், போத்தலில் குறித்தபடி முழு நாட்களும் தொடருங்கள். இயலுமானால் மீனைத் தனி வாளிக்கு மாற்றி அங்கே மருந்திடுவது வடிகட்டியைக் காக்கும். தொட்டியில் மிச்சமுள்ள ஒட்டுண்ணி, மீன் இல்லாமல் அழிந்துபோக ஒரு கிழமைக்கு மேல் அதை மீனின்றி ஓடவிட வேண்டும். அந்த நாட்களில் வடிகட்டியின் பற்றீரியா பட்டினி கிடக்காதிருக்க ஒரு சிட்டிகை உணவைத் தொட்டியில் போட்டுவாருங்கள்.

கூட்டாளிகளும் அடுத்த தொகுதியும்

45 லீற்றரில் தொடக்கத்துக்கு மூன்று நான்கு சிறு மீன்கள் போதும். நம் வன்னீருக்குக் கப்பி, மொலி, பிளாட்டி, வாள்வால் ஆகியவை இயல்பாகவே பொருந்தும். மென்னீர் ஆற்று மீனான கார்டினல் டெற்றாவையோ டிஸ்கஸையோ முதல் தொட்டிக்கு வாங்க வேண்டாம். தங்கமீன் எல்லோரும் விரும்புவது, ஆனால் கழிவு மிகுதியானதும் குளிர்ந்த நீரை நாடுவதுமான அந்த மீனை இரண்டடித் தொட்டியில் வைப்பது இருவருக்கும் தொல்லை. கப்பியில் ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் என்ற கணக்கில் விட்டால் எந்தப் பெண் மீனும் ஓயாமல் துரத்தப்படாது. ஃபைட்டர் ஆணை நீண்ட வாலுள்ள மீன்களோடு சேர்க்க வேண்டாம்.

தொடர்ந்து ஒரு கிழமை அமோனியாவும் நைத்திரைற்றும் சுழியத்தில் நின்றால் அடுத்த இரண்டு மூன்று மீன்களை எடுக்கலாம். அவற்றை முதலில் 15, 20 லீற்றர் கொள்ளும் வாளியொன்றில், தொட்டி வடிகட்டியில் கிடந்து பழகிய பஞ்சுத் துண்டு ஒன்றும் காற்றுக் குழாயும் போட்டு, நாள்தோறும் சிறிது நீர் மாற்றியபடி இரண்டு கிழமை தனியாக வைத்துப் பாருங்கள். புள்ளியோ உரசலோ இல்லையெனில், தொட்டியிலுள்ள ஓடுகளையும் சட்டிகளையும் இடம் மாற்றிவைத்து, விளக்கை அணைத்தபின் மாலையில் அவற்றை விடுங்கள். பழைய மீன்கள் தமக்கென்று பிடித்துவைத்த மூலைகள் அன்றிரவு கலைந்துவிடுவதால், புதிதாக வந்தவற்றைத் துரத்துவது குறையும். அன்று யாருக்கும் உணவு வேண்டாம், மறுநாள் காலை அமோனியாவை மீண்டும் ஒருமுறை சோதியுங்கள்.